மஜ்னூன்: எல்லைக்கோட்டில் ஓர் எண்ணெய் வயல்

ஈராக்கின் பஸ்ரா நகருக்கு வடக்கே, ஈரான் எல்லையை ஒட்டிய சதுப்பு நிலத்தில் கிடக்கிறது மஜ்னூன் எண்ணெய் வயல். லைலா-மஜ்னு கதையில் வரும் அதே அரபுச் சொல்தான். பித்துப் பிடித்தவன் என்று பொருள். இத்தனை சிறிய பரப்பில் இத்தனை எண்ணெயா என்ற மலைப்பில் வந்த பெயர் என்பார்கள். 1970-களின் நடுவில் ஒரு பிரேசில் நிறுவனம் இதைக் கண்டறிந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஈரானின் ஆசாதேகான் வயல். நிலத்தடியில் இரண்டும் இணைந்தவை என்றே பரவலாகக் கருதப்படுகிறது. எண்ணெய் அங்கே ஏரிபோல் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. துளை போட்ட இடத்தில் அழுத்தம் குறைய, சுற்றியுள்ள எண்ணெய் அதை நோக்கி நகர்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு இறங்கினால் இந்தத் தோட்டத்துக் கிணறு வற்றுவதைப் போலத்தான். காத்திருக்கும் நாடு தன் பங்கை இழக்கலாம். போட்டி போட்டு உறிஞ்சினாலோ அழுத்தம் சீக்கிரமே சரிந்து, எடுத்திருக்கக்கூடிய எண்ணெயும் பாறைக்குள் சிக்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்க, வட கடலின் ஃபிரிக் எரிவாயு வயலுக்காக பிரிட்டனும் நார்வேயும் 1976-இல் ஒப்பந்தம் செய்து, முழு வயலையும் ஒன்றாகக் கொண்டு, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொண்டன.

மஜ்னூனுக்கு வாய்த்ததோ போர். 1984-இல் ஈரானியப் படைகள் சதுப்பைக் கடந்து வந்து இவ்வயலைக் கைப்பற்றின. 1988-இல் ஈராக் மீட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பீரங்கிக் குண்டுகளோடு நச்சு வாயுவும் இந்த நாணற்காட்டின் மேல் விழுந்தது. 2009 ஏலத்தில் ஷெல், மலேசியாவின் பெட்ரோனாஸ் கூட்டணி வயலைப் பெற்றபோதும் மண்ணுக்குள் கண்ணிவெடிகள் அப்படியே இருந்தன. துரப்பண எந்திரம் வரும் பாதையையும் அது நிற்கும் இடத்தையும் வெடி அகற்றும் குழுவினர் சாண் சாணாக அலசிய பிறகே வேலை தொடங்க முடிந்தது. நாளொன்றுக்கு 18 லட்சம் பீப்பாய் என்பது இலக்கு, பீப்பாய்க்கு 1.39 டாலர் கூலி. 2013-இல் ஷெல்லின் உற்பத்தி தொடங்கியது. இலக்கை நெருங்காமலே 2018-இல் ஷெல் வயலை ஒப்படைத்து வெளியேறியது.

ஈரான் பக்கத்தில் தடையாக நின்றவை பொருளாதாரத் தடைகள். 2004-இல் வந்த ஜப்பானின் இன்பெக்ஸ் நிறுவனம் 2010-இல் விலகியது. வடக்கு ஆசாதேகானைச் சீன நிறுவனம் ஒன்று 2016-இல் உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

கணக்கில் வராத இழப்பு ஒன்று உண்டு. இரு நாடுகளுக்கும் பொதுவான ஹூர் அல்-அஸீம் சதுப்புதான் அது. இதன் ஈராக் பகுதி 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஈரான் பகுதியிலோ எண்ணெய்ப் பணிக்காகக் கரைகள் எழுப்பிச் சதுப்பின் பெரும்பகுதியை வற்றவைத்தார்கள். அணைகளும் வறட்சியும் மிச்சத்தைக் குறைத்தன. நாணல் வெட்டி, மீன் பிடித்து, எருமை வளர்த்து வாழ்ந்த குடும்பங்களுக்குத் தண்ணீர் இல்லாமல் போயிற்று. வெயிலில் வெடித்துக் கிடக்கும் சதுப்பின் அடிமண், காற்றடிக்கும் நாட்களில் தூசிப் புயலாக எழுந்து குஸெஸ்தான் மாகாணத்து ஊர்களை மூடுகிறது.