பித்தளைக்கு ஆகாத வாடை

சுட்டு முடித்த துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிச் சுடலாம். ராணுவம் ஒரே ஒருமுறை சுட்டுக் கழித்த கூடுகளை வாங்கி இப்படிச் செய்வது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. நம்மூரில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. அந்த ஆராய்ச்சிக்கு நான் போகல. என் கேள்வி கூட்டின் கழுத்தைப் பற்றியது. அங்கே மட்டும் ஏன் விரிசல்?

இந்தக் கேள்வி பெரிதாக எழுந்ததே இந்தியாவில்தான். பிரிட்டிஷ் ராணுவம் இங்கே சேமித்து வைத்த தோட்டாக்கள், சுடாமலேயே, மழைக்காலத்தில் வாய்ப் பக்கம் வெடித்தன. 'பருவ வெடிப்பு' என்று பெயர் வைத்தார்கள். மழையைத்தான் குற்றம் சொன்னார்கள், பாவம். 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் காரணத்தை விளக்கினார்கள். தோட்டாக்கள் இருந்தது குதிரை லாயத்தில். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா, காற்றின் ஈரம், இதோடு தகட்டை இழுத்துக் குழாயாக்கியபோது உலோகத்துக்குள்ளேயே தங்கிவிட்ட இழுவிசை. மூன்றும் சேர்ந்தால்தான் பித்தளை பிளக்கும். முதல் இரண்டைத் தடுப்பது கஷ்டம். மூன்றாவதைச் சூடு காட்டி நீக்கலாம்; முந்நூறு டிகிரிக்குள்ளேயே வேலை முடிஞ்சிடும்.

காஞ்சிபுரத்துப் பாத்திரக் கடையில் சீர்வரிசைக்கு நிற்கும் பித்தளைக் குடத்தைப் பாருங்க. தகட்டை அடிக்க அடிக்க இறுகும். அதனால் குடம் அடிப்பவர் நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்குவார். இளக்காமல் அடித்தால் விரிசல்தான். தண்ணீரில் முக்கினாலும் இரும்பு மாதிரி பித்தளை இறுகாது. தோட்டாக் கூடும் எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் கலந்த பித்தளைதான். சுடும்போது கழுத்து விரியும், பழைய அளவுக்கு நெருக்கும்போது சுருங்கும். அதுவும் அடி வாங்குவதுதான். ஆனால் கழுத்தையும் தோளையும் மட்டுமே இளக்கலாம். அடிப்பாகம் இறுக்கமாக இருந்தாக வேண்டும், வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதானே. அங்கே சூடு ஏறினால் சுடுகிறவர் முகத்துக்கே ஆபத்து.

சுத்தம் செய்வதிலும் இதே கதை. நம்ம வீட்டுப் புளி, கறுப்பை எடுக்கும், வெடிப்பு தராது. அமோனியா கலந்த பாலிஷ் போட்டால்தான் வம்பு. லாயத்து வாடையை நாமே காசு கொடுத்து வாங்கிப் பூசுகிற மாதிரி.

ராணுவக் கூட்டின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு சாயல் தெரியும். அழுக்கு இல்லை, தொழிற்சாலையில் சூடு காட்டிய தடம். கடைத் தோட்டாக்களில் பெரும்பாலும் அதை மெருகேற்றி அழிச்சிடுவாங்க.