வாரத்தில் ஒரு நாள் உங்கள் வீட்டுக்குச் சொந்தம்

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு வரும் குடும்பங்கள் தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் உட்கார்ந்து சோளம் கொறிக்கின்றன. அதே மே மாதத்தில்தான் கமர்ஷியல் ரோட்டில் வர்க்கி கட்டித் தரும் கடைப் பையனும், தொட்டபெட்டாவுக்கு வண்டி ஓட்டும் டிரைவரும், லாட்ஜில் படுக்கை விரிக்கும் அக்காவும் தங்கள் பிள்ளைகளைத் தூங்கும்போது மட்டுமே பார்க்கிறார்கள். ஊரெல்லாம் இளைப்பாற வரும் மலையில், மலைக்காரர்களுக்கு இளைப்பாற நேரமில்லை.

"கவலையை விடு, குடும்பத்தோடு சந்தோஷமாக இரு" என்று சொல்வது சுலபம். சந்தோஷமாக இருக்க முதலில் நேரம் வேண்டும். அந்த நேரத்தின் ஒரு பகுதியைச் சட்டம் ஏற்கெனவே நமக்குக் கொடுத்திருக்கிறது. பலர் கேட்டு வாங்குவதில்லை. கவலையிலும் எல்லாம் ஒரே ரகம் இல்லை. முற்றிய இலையையும் கொழுந்தையும் பிரிப்பதுபோல் கவலைகளைப் பிரித்தால் மூன்று குவியல் தேறும்: மனு எழுதினால் தீர்வது, மருத்துவரிடம் போனால் தீர்வது, கூட நாலு பேர் இருந்தால் தாங்கிக்கொள்ள முடிவது. எது எந்தக் குவியல் என்று தெரியாததால்தான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுமக்கிறோம்.

விடுமுறை யாருடைய தயவும் அல்ல

எஸ்டேட்டில் மாலை எடை போட்டு முடிந்ததும் ஒரு பெண் லைன் வீட்டுக்கு ஏறுகிறாள். இடுப்பில் கட்டிய ஈரத் தார்ப்பாயை வாசலில் உதறிப் போட்டு, அட்டை கடித்த காலில் உப்பு வைத்து, அடுப்பைப் பற்றவைப்பதற்குள் இருட்டிவிடுகிறது. பள்ளியில் நடந்ததைச் சொல்ல வரும் பிள்ளையிடம் "அப்புறம் சொல்லு" என்கிறாள். அந்த அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதான். அதையும் வேலைக்குக் கொடுத்துவிட்டால் அது வருவதே இல்லை.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தபோதே வாரத்துக்கு ஒரு ஓய்வு நாளுக்கும், சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறைக்கும் வழி செய்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டமும் இவ்விரண்டையும் தொடர்கிறது. ஆண்டில் 180 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. 260 நாள் கொழுந்து எடுத்தவருக்கு 13 நாள். எடுக்காத விடுமுறையில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். விடுமுறை கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் அந்த நாட்களுக்கு இந்த 30 நாள் வரம்பு கிடையாது. ஆகவே வாயால் கேட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், கூடவே ஐந்து பண்டிகை நாளும் தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பளத்துடன் விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை தர வேண்டும்.

கடையில் வேலை செய்வோருக்கு 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. வாரம் ஒரு முழு நாள் விடுமுறை; அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தால் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை. தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் தனித்தனியே 12 நாள். சீசன் நேரம் என்பதற்காக இந்தச் சட்டம் ஓய்வெடுத்துக்கொள்வதில்லை.

பிள்ளை பெற்றவருக்கு முதல் இரண்டு பேறுக்கும் 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு. பேறுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். வேலைக்குத் திரும்பியபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பாலூட்ட நாளில் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம்.

ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களுக்கு அன்பானவர்கள் இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வெளிமாநிலத்தவரை வைத்திருக்கும் நிறுவனம், அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் போய்வரப் பயணப்படி தர வேண்டும் என்கிறது 2025இல் நடைமுறைக்கு வந்த அந்தத் தொகுப்புச் சட்டம். பக்கத்து லைனில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

தூக்கம் கெடுக்கும் காசு

மலையில் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு: பச்சைத் தேயிலை விலை, குழுக் கடன்.

சிறு விவசாயிகள் விலை கேட்டு 2023 செப்டம்பரில் உண்ணாவிரதம் இருந்தது நினைவிருக்கும். தேயிலை வாரியம் நீலகிரிக்கு மாதந்தோறும் பச்சைத் தேயிலைக்குச் சராசரிக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. உங்கள் தொழிற்சாலை அதற்குக் குறைவாகக் கொடுத்தால், எடைச் சீட்டையும் பணம் பெற்ற ரசீதையும் எடுத்துக்கொண்டு குன்னூரில் உள்ள வாரிய அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். விலையைத் தனி ஒருவர் ஏற்ற முடியாது. ஆனால் அறிவித்த விலையைக் கேட்டு வாங்க முடியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

குழுக் கடனில் ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. பேசி வைத்த இடத்தில்தான் வசூல். இரண்டு முறை தொடர்ந்து அங்கே வராமல் இருந்தால் ஒழிய வீட்டுக்கு வந்து நிற்கக் கூடாது. மீறினால் நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரை அணுகலாம், விவரம் கேட்க 14448. மிரட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டத்தையும் தமிழ்நாடு அரசு 2025இல் கொண்டுவந்திருக்கிறது.

பணி ஓய்வை நெருங்குபவர்களுக்கு ஒன்று: ஐந்து ஆண்டு பணி முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. ஓய்வு பெற்ற 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு.

மழையும் மிருகமும்

மழைக் கவலையை மனப் பிரமை என்று யாரும் சொல்ல முடியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. 2024 ஜூலை 30 அன்று பக்கத்து வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை மண்ணோடு போனது. அதே ஆண்டு ஜனவரியில் பந்தலூர் அருகே தோட்டத்தில் தாயோடு நடந்துவந்த மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது.

இந்தப் பயத்துக்கு ஆறுதல் வார்த்தை போதாது, தகவல் வேண்டும். இதற்கு வால்பாறை நல்ல உதாரணம். அங்கே யானை நடமாட்டத்தைக் கவனித்து, போன் அழைப்பு, குறுஞ்செய்தி, பாதையோரச் சிவப்பு விளக்கு வழியாக மக்களுக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டை ஆய்வாளர் ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்களும் உருவாக்கினார்கள். அதற்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. விளக்கு எரிந்தால் வேறு வழி. எரியாவிட்டால் வழக்கமான வழி. எந்நேரமும் நெஞ்சில் இருந்த பயம், பார்த்து நடக்கும் எச்சரிக்கையாக மாறுகிறது.

நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். மழை வலுத்தால் எந்த வீட்டுக்குப் போவது, எந்தப் பையில் ரேஷன் அட்டையும் மருந்தும் இருக்கும், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது என்று ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. பேசி முடித்த விஷயத்தை மனம் திரும்பத் திரும்பக் கிளறுவது குறையும்.

கவலை நோயாகும்போது

காரணம் போன பிறகும் கவலை போகவில்லை என்றால் அது வேறு விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்து, பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தால் கவனியுங்கள். மாதக்கணக்கில் நெஞ்சு படபடத்து, தூக்கம் போய், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போட்டால் கவனியுங்கள். இது கோழைத்தனமும் இல்லை, செய்வினையும் இல்லை. பெங்களூரு நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் சுமார் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். மனநல மருத்துவச் சட்டம் 2017 சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. உங்கள் நோய் விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. அதனால் போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள்.

14416 என்ற டெலிமானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கள் மொழியிலும் பேசலாம். மருந்து எழுதிக் கொடுத்தால், கொஞ்சம் தேறியதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்குள் என்ன செய்யலாம்

கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாலையில் ஒரு அரை மணி. மனதில் இருப்பதையெல்லாம் தாளில் எழுதி, பக்கத்தில் மனு, மருத்துவர், மனிதர் என்று குறியுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "ஆறரை மணிக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிவையுங்கள். மனநல சிகிச்சையில் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறார்கள்.

நாம் விளைவிக்கும் டீயையே கொஞ்சம் பார்த்துக் குடியுங்கள். அதிலுள்ள கஃபீன் தூக்கத்தைத் தள்ளிப்போடும், படபடப்பைக் கூட்டும். மாலைக்குப் பின் கடுந்தேநீர் வேண்டாம். குளிருக்குச் சூடாக எதையாவது குடிக்க வேண்டுமென்றால் சுக்குத் தண்ணீர் போதும்.

குடியும் அடியும் இருக்கும் வீட்டில் "சேர்ந்து இருங்கள்" என்ற அறிவுரை கொடுமை. அங்கே முதல் தேவை பாதுகாப்பு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

மற்ற வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு ஒரு வேளையாவது எல்லோரும் ஒரே நேரத்தில், போனை அலமாரியில் வைத்துவிட்டு. ஞாயிறன்று பாட்டியைப் பேச விடுங்கள்; இலங்கையுடனான 1964 ஒப்பந்தத்துக்குப் பின் மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்த கதை அவருக்குத் தெரிந்திருக்கும். செலவில்லாத இந்த மணி நேரங்கள் கடனை அடைக்காது. கடனோடு வாழும் தெம்பைத் தரும்.

எங்கே கேட்பது

விடுமுறையும் சம்பளமும் மறுக்கப்பட்டால் முதலில் தொழிற்சங்கம், பிறகு தொழிலாளர் துறை ஆய்வாளர். திங்கட்கிழமைகளில் ஊட்டி கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். முதல்வர் உதவி மையத்தின் எண் 1100. வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளர், மனநோய் உள்ளவர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

இந்த எண்களைச் சமையலறை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதுங்கள். அதே நாட்காட்டியில் வரும் மாதத்தில் நீங்கள் எடுக்கப்போகும் ஒரு விடுமுறை நாளையும் இன்றே வட்டமிட்டு, நாளைக் காலை அதற்கு எழுதிக் கொடுங்கள்.