காற்றின் கணக்கில் ஓசூர்க் கட்டடங்கள்

ஓசூருக்குக் கிழக்கே உள்ள பேரிகை என்ற ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். அந்தத் திசையில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் ஓசூர் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி என்று பெங்களூரு வரை கட்டடங்கள்தான். குளிர்காலத்தில் காற்று கிழக்கு, வடகிழக்குப் பக்கம் திரும்பிவிடும். அப்போது பேரிகைக் காற்று ஓசூருக்குப் போகும். மாலூர் வட்டாரச் செங்கல், ஓட்டுச் சூளைகளின் புகையும் அதே பக்கம் சாயும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு புகைபோக்கி கக்கும் புகையில் எவ்வளவு பேரிகையின் தக்காளித் தோட்டத்துக்கு வந்து சேரும்? இதை அளந்து சொல்ல வேண்டுமென்றால் ஊருக்கு ஊர் கருவி வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் அந்தப் புகை யாருடையது என்று கருவி சொல்லாது. அதனால் விஞ்ஞானிகள் கணினிக்குள் ஒரு வானத்தைக் கட்டுகிறார்கள். நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் காற்றை அடுக்கடுக்காகப் பிரித்து, வெப்பம், ஈரம், காற்றின் வேகம், மாசு ஆகியவை ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு எப்படிப் போகின்றன என்று நொடிக் கணக்கில் கூட்டிக்கொண்டே போவார்கள். அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் புழங்கும் டபிள்யூ.ஆர்.எஃப்., இத்தாலியின் திரியெஸ்தே நகர ஆய்வு மையத்தில் வளர்ந்த ரெக்.சி.எம். ஆகிய மாதிரிகள் இந்த வகை.

இந்தக் கணக்கில் தரை என்ன என்பது முக்கியம். வயலா, காடா, ஏரியா, ஊரா என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். நெடுங்காலம் ஊர் என்றால் கணினிக்குத் தண்ணீர் இல்லாத, சொரசொரப்பான ஒரு தட்டைத் தரை, அவ்வளவுதான். சுவர் கிடையாது, தெரு கிடையாது, மொட்டைமாடி கிடையாது. கட்டங்கள் ஐம்பது, நூறு கிலோமீட்டர் அகலத்தில் இருந்த காலத்தில் அது பெரிய குறையாகவும் தெரியவில்லை. இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு முறையில் கட்டத்தின் அகலம் 6 கிலோமீட்டர். அந்த அளவில் ஓசூர் ஒரு புள்ளியல்ல, வானிலையை மாற்றும் ஒரு நிலப்பரப்பு. டெல்லிக் காற்றுக்காகப் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018-ல் தொடங்கிய முன்னறிவிப்பில் கட்டம் 400 மீட்டர்தான். அங்கே தெருவையும் சுவரையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட முடியாது.

நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும் என்பதை லண்டனில் லூக் ஹோவார்ட் 1810-களிலேயே வெப்பமானி வைத்துக் காட்டிவிட்டார். ஏன் என்பதை வரி வரியாகக் கணக்குக்குள் கொண்டுவர ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. பிரான்ஸின் வலெரி மாசோன் 2000-லும், ஜப்பானின் குசாகா குழு 2001-லும், ஆல்பெர்டோ மார்டில்லி 2002-லும் வெளியிட்ட முறைகள்தான் இன்றைய நகர மாதிரிகளுக்கு அடித்தளம். மூன்றிலும் கரு ஒன்றே: ஊரைத் தட்டையாகப் பார்க்காமல், இருபுறமும் சுவர் எழும்பிய ஒரு தெருவாகப் பார்.

அந்தத் தெருவுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம். ஓசூர் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள நெருக்கமான கடைத்தெரு போன்ற ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் மேற்குச் சுவரின் மேல்பாதியில் மட்டும் விழுகிறது. தரை நிழலில் கிடக்கிறது. உச்சிவேளையில்தான் சாலைக்கு வெயில் இறங்கும். சுவரில் பட்டுத் தெறித்த ஒளி எதிர்ச்சுவரில் விழும், அங்கிருந்து மறுபடி சாலைக்கு வரும். ஒவ்வொரு தெறிப்பிலும் சுவர்கள் கொஞ்சம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கின்றன. பொழுது சாய்ந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திறந்த வயலாக இருந்தால் வெப்பம் நேரே வானத்துக்குப் போய்விடும். தெருவின் தரையிலிருந்து பார்த்தால் தெரிவது ஒரு கீற்று வானம்தான், மீதியெல்லாம் சுவர். ஒரு சுவர் வெளிவிடும் வெப்பத்தை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. ஆகவே இரவு பத்து மணிக்கும் தெரு வெதுவெதுப்பாகவே இருக்கும். பேரிகையின் கொத்தமல்லி வயலில் அந்நேரம் பனி இறங்கத் தொடங்கியிருக்கும். கூரை, சுவர், சாலை மூன்றுக்கும் தனித்தனியே வெப்பநிலை கணக்கிடுவதால் புதிய மாதிரிகளுக்கு இந்த வேறுபாடு பிடிபடுகிறது.

சிப்காட்டின் ஷெட்டுகள் வேறு ரகம். அகலமானவை, உயரம் குறைந்தவை, மேலே ஷீட் கூரை. மெல்லிய ஷீட் மதியத்தில் கொதிக்கும். வெயில் போனதும் சீக்கிரமே ஆறிவிடும். கான்கிரீட்டைப் போல வெப்பத்தைச் சேர்த்து வைக்க அதில் கனம் இல்லை. மாதிரியோடு வரும் அட்டவணையின் பொது மதிப்புகளை அப்படியே வைத்தால் ஷீட் கூரைக்குக் கனத்த கூரையின் குணம் வந்துவிடும். ஸ்டூவர்ட், ஓக் இருவரும் 2012-ல் தந்த வகைப்பாடு நிலத்தை 17 வகையாகப் பிரிக்கிறது. அதில் இத்தகைய அகன்ற தாழ்ந்த கட்டடங்களுக்கும், கனரகத் தொழிற்சாலைகளுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஓசூருக்கு இந்த வகைப்பாடு மிகவும் தேவை என்பது என் கருத்து.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ் கூரைகள் செயற்கைக்கோள் படத்தில் கட்டடக் கூரை போலவே பளிச்சென்று தெரியும். படத்தை வகைபிரிக்கும் நிரல் தோட்டத்தை ஊர் என்று எழுதிவிட இடமுண்டு. ஆனால் குணத்தில் இரண்டும் எதிரெதிர். ஸ்பெயினின் அல்மேரியாவில் கடல்போலப் பரவிய பசுமைக்குடில்கள் வெயிலைத் திருப்பி அனுப்பியதால், 1983 முதல் அங்கே பத்தாண்டுக்கு 0.3 டிகிரி வீதம் வெப்பம் குறைந்ததாக 2008-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தளி, பாகலூர்ப் பக்கத்துக் குடில்களைக் கான்கிரீட்டாக எழுதினால் கணக்கு எதிர்த்திசையில் பிசகும்.

கட்டடத்தைச் சேர்ப்பதும் விடுவதும் எவ்வளவு வேறுபாடு தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது, அதே நகரின் கொலாபாவில் பெய்தது 75 மி.மீ.கூட இல்லை. மிங் லெய், தேவ் நியோகி குழு 2008-ல் அந்த நாளைக் கணினியில் திரும்ப ஓட்டியது. மாசோனின் நகரக் கணக்கைச் சேர்த்தபோது, கடலுக்கும் சூடான நகரத்துக்கும் இடையே காற்று குவிவதும் மழை கனப்பதும் மேலும் சரியாக வந்தன.

மாசு விஷயத்தில் விளைவு இன்னும் பின்னலானது. கட்டடங்கள் காற்றை மூன்று விதமாகத் தொடுகின்றன. ஒன்று, வெப்பம். இரண்டு, தரையையொட்டிய காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன; அதனால் புகை தேங்கும். மூன்றாவது, சூடான கூரைகளும் மேடுபள்ளமான உயரங்களும் காற்றை மேலும் கீழுமாகக் கிளறுகின்றன. அதனால் புகை உயரே போய்க் கலைந்துவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் பேட்டர் ஹுஸார் குழு மத்திய ஐரோப்பிய நகரங்களுக்கு இதைப் பிரித்துப் பிரித்துக் கணக்கிட்டு, 2018-ல் வெளியிட்ட முடிவு: வெல்வது கிளறல்தான். வெளியேறும் புகை அதே அளவாக இருந்தும், கட்டடங்களைச் சேர்த்ததும் நகரத் தரையில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பி.எம். 2.5 நுண்துகளும் குறைந்தன. ஓசோன் கூடியது.

ஓசோன் ஏன் கூட வேண்டும்? வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனோடு வினைபுரிந்து அதை அழிக்கும். சந்தடி மிகுந்த சாலையில் ஓசோன் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். கிளறலில் நைட்ரிக் ஆக்சைடு மேலே போய்விட்டால் கீழே ஓசோனைத் தின்ன ஆள் குறைந்துவிடும். மேலே போன புகையும் மறைந்துவிடுவதில்லை. காற்றோடு நகர்ந்து, வெயிலில் வினைபுரிந்து, நகரத்தைத் தாண்டிய பிறகு புதிய ஓசோனை உண்டாக்குகிறது. எனவே நகரின் நடுவே உள்ள கருவி நல்ல எண்ணைக் காட்டும் நாளில், காற்று போகும் பக்கத்து வயல்வெளியில் நிலைமை வேறாக இருக்கலாம். ஓசோன் இலைத்துளை வழியே உள்ளே போய்த் திசுக்களைச் சிதைக்கும். இலையின் மேற்பரப்பில் வெண்கல நிறப் பொட்டுகள் தோன்றும். பீன்ஸும் உருளைக்கிழங்கும் இதற்கு எளிதில் பாதிக்கப்படும் பயிர்கள். ஓசூர் வட்டாரத்தில் இரண்டும் விளைகின்றன.

குளிர்கால இரவில் கணக்கு வேறு. வயல்வெளி குளிர்ந்து, தரையையொட்டிக் கனத்த காற்று படிந்துவிடும். புகை நூறு, இருநூறு மீட்டருக்குமேல் ஏறாது. ஓசூருக்குள் சுவர்கள் விடும் வெப்பம் அந்தப் படலத்தைத் தளர்த்தும். கட்டடங்களைச் சேர்க்காத கணினி மாதிரி ஓசூரையும் வயலாக நினைத்து, நகர இரவின் மாசை மிகைப்படுத்திவிடும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், இந்த நிலம் நம் கண்முன்னே மாறிக்கொண்டிருப்பதுதான். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது; அதற்குப் பேசப்பட்ட இடங்களில் பேரிகை–பாகலூர்ப் பகுதியும் ஒன்று. சூளகிரிப் பக்கம் சிப்காட் விரிகிறது. பழைய நில வரைபடத்தை வைத்து ஓடும் மாதிரிக்கு இவையெல்லாம் இன்னும் ராகி வயல். பெங்களூரு 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் இருக்கிறது, ஓசூர் இல்லை. தமிழ்நாடு–கர்நாடக எல்லையின் இருபுறமும் இரண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள், இரண்டு புகைக் கணக்குகள். பேரிகைக்கு வரும் காற்றைக் கணிக்க இரண்டும் ஒரே வரைபடத்தில் இருந்தாக வேண்டும், கட்டட உயரமும் கூரை வகையும் சேர்ந்து.

தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது செய்யப்படும் ஆய்வு வழக்கமாகப் பத்துக் கிலோமீட்டர் ஆரத்தோடு நின்றுவிடுகிறது. காற்றின் அளவீடும் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தோடு முடிகிறது. ஓசூரிலிருந்து பேரிகைக்குத் தூரம் அதைப்போல இருமடங்கு. ஓசூர்க் காற்று பேரிகைக்கு வருவதோ அந்த மழை மாதங்களில்தான்.