டேப்லெட்டில் ஹார்ட் டிஸ்க் மாட்டியும் காட்டவில்லையா? காரணம் இதுதான்!

குமரி மாவட்டம் தோவாளையின் மாணிக்கமாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை மூன்றையும் நாரில் வரிசையாகக் கட்டினால், கல் பதித்த நகை மாதிரி இருக்கும். ஆனால் எவ்வளவு நுணுக்கமாகக் கட்டினாலும் பூ பூதானே, ஓரிரு நாளில் வாடிவிடும். அடுத்து வரும் கல்யாண வீட்டாரிடம் "இப்படிக் கட்டலாம்" என்று காட்ட மிச்சம் இருப்பது படமும் வீடியோவும் மட்டும்தான்.

அந்தப் படங்கள் இருக்கும் டேப்லெட் ஒருநாள் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று சொன்னால் என்ன செய்வது? மாலை கட்டுபவருக்கு மட்டுமல்ல, கல்யாண வீடியோ எடுப்பவர், ஆன்லைன் வகுப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் மாணவர் என்று பலருக்கும் இதே சிக்கல்தான். வீட்டில் சும்மா கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து டேப்லெட்டில் மாட்டுகிறார்கள். திரையில் ஒன்றுமே வராது. "டிஸ்க் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது.

கிளவுட் இருக்கும்போது டிஸ்க் எதற்கு?

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. ஆப்பிளின் ஐகிளவுட்டில் 5 ஜிபிதான். ஐபேடில் 4கே தரத்தில் ஒரு நிமிட வீடியோ எடுத்தால் சுமார் 170 எம்பி ஆகும், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி. முகூர்த்தம் முடிவதற்குள் இலவச இடம் காலியாகிவிடும்.

இன்னொரு காரணம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தோவாளைக்குப் பக்கத்திலேயே, ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில் அத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆனாலும் கம்பமும் கம்பியும் விழுந்துவிட்டால் வீட்டுக்கு வெளிச்சம் இல்லை. கரண்ட் இல்லையென்றால் செல்போன் டவரும் எத்தனை நேரம் தாங்கும்? அந்த நேரத்தில் கிளவுட்டில் இருக்கும் படம் இருந்தும் இல்லாத மாதிரிதான். கையில் இருக்கும் டிஸ்க்குக்கு நெட் தேவையில்லை.

முதல் சந்தேகம்: கரண்ட் போதவில்லை

டிஸ்க் காட்டாததற்கு முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். கையடக்க ஹார்ட் டிஸ்க்குக்குத் தனி சார்ஜர் கிடையாது. அது மாட்டியிருக்கும் கருவியிலிருந்துதான் மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஒரு தட்டு சுற்ற வேண்டும், அதற்கு ஒரு மோட்டார் ஓட வேண்டும். அந்த மோட்டார் கிளம்பும் முதல் சில நொடிகளில் சுமார் 1 ஆம்பியர் வரை கேட்கும். யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், அதாவது அரை ஆம்பியர். யுஎஸ்பி 3-ல் 900. கணினிகள் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கும். டேப்லெட் தன் பேட்டரியைக் காப்பாற்றப் பார்க்கும்.

டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள். 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்து நின்று, மறுபடி வந்தால் மோட்டார் கிளம்ப முடியாமல் திணறுகிறது என்று சந்தேகப்படலாம். விளக்கு எரிவதை மட்டும் நம்ப வேண்டாம், விளக்குக்கு ரொம்பக் கொஞ்சம் மின்சாரம் போதும். அதே டிஸ்க்கைக் கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் பழி டேப்லெட்டின் மேல்தான். அங்கேயும் டிக் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள், அது டிஸ்க்கின் கோளாறாக இருக்கலாம்.

இதற்குத் தீர்வு, சார்ஜரும் சேர்த்து மாட்டும் வசதியுள்ள யுஎஸ்பி ஹப். ஒரு பக்கம் சார்ஜர், இன்னொரு பக்கம் டிஸ்க், நடுவில் டேப்லெட். பழைய லைட்னிங் போர்ட் உள்ள ஐபேட் என்றால், சார்ஜர் மாட்ட வழியுள்ள கேமரா அடாப்டர் வேண்டும். புதிதாக வாங்கப்போகிறவர்கள் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி வாங்குவது நல்லது. அதில் சுற்றும் தட்டு இல்லை, கிளம்பும்போது இந்தத் திணறலும் இல்லை. வண்டியில் பையோடு குலுங்கினாலும் ஹார்ட் டிஸ்க் அளவுக்குப் பயப்பட வேண்டாம். கொஞ்சம் படங்கள்தான் என்றால் டைப்-சி பென் டிரைவே போதும்.

மேசைக் கணினியோடு வரும் பெரிய டிஸ்க்குகளை டேப்லெட்டில் நேரடியாக மாட்டிப் பயனில்லை. அவற்றுக்குத் தனி அடாப்டர் கட்டாயம்.

இரண்டாவது: டிஸ்க் பேசும் பாஷை

மின்சாரம் சரி, டிஸ்க்கும் ஓடுகிறது, ஆனாலும் டேப்லெட் அதைப் படிக்கவில்லையா? அப்போது ஃபார்மட்டைப் பாருங்கள். கோப்புகளை எந்த முறையில் அடுக்கி வைக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. விண்டோஸ் கணினிக்கென்று விற்கும் பல டிஸ்க்குகள் என்டிஎஃப்எஸ் முறையில் வருகின்றன. ஐபேட் அதில் எதையும் எழுதாது. ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பழைய ஃபேட்32 எல்லாக் கருவிக்கும் புரியும். ஆனால் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஏற்காது. மேலே சொன்ன கணக்குப்படி 25 நிமிடம் நிறுத்தாமல் 4கே வீடியோ எடுத்தாலே அந்த எல்லை வந்துவிடும். டிஸ்க்கில் 500 ஜிபி காலியாகக் கிடக்கும், 'இடம் இல்லை' என்று செய்தி வரும். குழம்பிப்போகிறவர்கள் ஏராளம்.

விண்டோஸ், மேக், ஐபேட், இப்போதைய பல ஆண்ட்ராய்டு டேப்லெட்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒத்துவருவது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய முறை இது. 2019-ல் அந்த நிறுவனமே இதன் தொழில்நுட்ப விவரங்களை வெளியிட்டது. ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸில் இதைச் சேர்க்க அதன் பிறகு தடை இல்லை.

கவனம்: ஃபார்மட் மாற்றினால் டிஸ்க்கில் இருப்பது எல்லாம் அழியும். முதலில் உள்ளே இருப்பதைக் கணினியில் காப்பி எடுங்கள், பிறகு மாற்றுங்கள். ஐபேடில் 2024-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 18 முதல் ஃபைல்ஸ் செயலியிலேயே ஃபார்மட் செய்யலாம். வெளி டிஸ்க்கைப் படிக்கும் வசதியே ஐபேடுக்கு 2019-ல், ஐபேட்ஓஎஸ் 13-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் ஃபைல்ஸ் செயலியில் தேடிப் பயனில்லை. பிட்லாக்கர் பூட்டுப் போட்ட டிஸ்க்கும் டேப்லெட்டில் திறக்காது. கணினியில் பூட்டை நீக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் சந்தையில் நிறைய. சில பிராண்டுகளில் செட்டிங்ஸில் 'ஓடிஜி' என்ற ஸ்விட்சை ஆன் செய்ய வேண்டும், பயன்படுத்தாமல் விட்டால் சில நிமிடங்களில் அதுவாகவே ஆஃப் ஆகிவிடும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

டைப்-சி ஓட்டை ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக வேகமும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். 2022-ல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் டைப்-சி உண்டு, வேகம் மட்டும் பழைய யுஎஸ்பி 2.0-தான். நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி என்று வைத்தால் 60 ஜிபி காப்பி ஆக அரை மணி நேரம் பிடிக்கும். இதற்கு விலை உயர்ந்த எஸ்எஸ்டி வாங்கிப் பயனில்லை. யுஎஸ்பி 3 உள்ள டேப்லெட்டில் அதே வேலை சில நிமிடம்தான். வாங்கும் முன் கடைக்காரரிடம் "டைப்-சியா?" என்று மட்டும் கேட்காமல் "யுஎஸ்பி எத்தனை?" என்றும் கேளுங்கள்.

காப்பி ஆகும்போது டிஸ்க்கைப் பிடுங்கக்கூடாது. எக்ஸ்ஃபேடில் பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்யும் பதிவேடு கிடையாது. அறைகுறையாக எழுதிய கோப்பு மட்டுமல்ல, ஏற்கெனவே இருந்த கோப்புகளும் சிக்கலாகலாம். ஆண்ட்ராய்டில் மேலே வரும் அறிவிப்பில் 'எஜெக்ட்' கொடுத்த பிறகே கழற்றுங்கள். ஐபேடில் காப்பி முடிந்தது என்று காட்டும்வரை காத்திருங்கள், இன்னும் கொஞ்ச நேரம் கூடக் காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

காப்பி எடுத்தாச்சு, டேப்லெட்டில் அழிக்கலாமா?

இங்கேதான் பலரும் படங்களை இழக்கிறார்கள். டேப்லெட்டில் இருந்ததை டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, டேப்லெட்டில் அழித்துவிட்டால் கையில் இருப்பது ஒரே ஒரு பிரதி. முன்பும் ஒன்று, இப்போதும் ஒன்று. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த டிஸ்க் கீழே விழுந்தால் கதை முடிந்தது. அழிப்பதற்கு முன் அந்தப் படங்கள் இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும். இரண்டாவது டிஸ்க், வீட்டுக் கணினி, கிளவுட் எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் கிளவுட்டில் ஏற்ற முடியாதவர்கள் முக்கியமான 200, 300 படங்களையாவது அங்கே வைக்கலாம். 15 ஜிபி அதற்குத் தாராளம்.

அழிக்கும் முன் டிஸ்க்கில் உள்ள சில வீடியோக்களைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். படத்தின் பெயர் தெரிவதால் மட்டும் படம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அழித்த பிறகும் டேப்லெட்டில் இடம் கூடவில்லை என்றால் பதற வேண்டாம். அழித்தவை 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியில் 30 நாள் வரை கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் வரும்.

சில நூறு ரூபாய்க்கு 2 டிபியா?

ஆன்லைனில் இப்படி விளம்பரம் பார்த்தால் தள்ளிப்போங்கள். உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோ உள்ள சிப்பை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றி விற்கும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. உண்மையான இடம் நிறைந்த பிறகும் 'காப்பி ஆகிவிட்டது' என்றே சொல்லும். பழைய கோப்புகளின் மேலேயே புதியது எழுதப்படும். வாங்கிய உடனே தெரியாது, ஒரு சீசன் கல்யாணப் படங்களைப் போட்டுவிட்டுத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும். எதை வாங்கினாலும் முதலில் தேவையில்லாத வீடியோக்களால் அதை முழுக்க நிரப்பி, திறந்து பார்த்துவிட்டு, பிறகு சொந்தப் படங்களைப் போடுங்கள்.

ஏற்கெனவே படங்கள் உள்ள டிஸ்க்கை மாட்டும்போது 'ஃபார்மட் செய்யவா?' என்று டேப்லெட் கேட்டால் சரி என்று அழுத்தாதீர்கள். கழற்றி, விண்டோஸ் கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் அதில் புதிதாக எதையும் எழுதாமல், டேட்டா மீட்டுத்தரும் கடைக்குக் கொண்டுபோங்கள்.