வீணைக்கும் ஒரு டிக்கெட்!

மார்கழி பிறந்தால் மும்பை மாதுங்காவுக்கும் சென்னைக்கும் இடையே வித்வான்கள் பறப்பது வழக்கம். அவர்களுக்குப் பயம் விமானத்தில் இல்லை. விமான நிலையக் கவுன்டரில்தான்!

உள்நாட்டு விமானத்தில் கையில் கொண்டு போகப் பொதுவாக 7 கிலோ அனுமதி. பையின் நீளம் 55 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வயலின் எடையில் தப்பிவிடும். பெட்டி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் என்பதால் நீளத்தில் மாட்டிக்கொள்ளும். வீணையோ 4 அடி! "லக்கேஜில் போடுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

மெழுகு இளகினால்...

பலா மரத்தில் குடைந்த வீணைக்கு 24 மெட்டுகள். அவை மெழுகில் பதிந்து நிற்பவை. மூட்டையோடு மூட்டையாக வெயிலில் கிடந்தால் மெழுகு இளகும். மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுரம் தப்பும். குடம் விரிந்தால் கச்சேரி போச்சு. அந்த மாதப் பிழைப்பும் போச்சு.

2014-ல் சரோட் மேதை அம்ஜத் அலிகானின் வாத்தியமே லண்டன்-டெல்லி பயணத்தில் காணாமல் போய், சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. பெரியவர்களுக்கே இந்தக் கதி!

வழி என்ன?

அமெரிக்காவில் 2012-ம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளே வைக்க இடம் இருந்தால் சிறு வாத்தியங்களை அனுமதித்தாக வேண்டும். இங்கே கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. சில கம்பெனிகளில் வாத்தியத்துக்கே தனி இருக்கை வாங்கலாம். லக்கேஜில்தான் என்றால், கெட்டியான பெட்டி, சற்றுத் தளர்த்திய தந்தி, குடத்தைச் சுற்றிப் பழைய போர்வை வேண்டும்.

இரண்டு டிக்கெட்டுக்கு வசதி இல்லாதவர்கள் ரயில் ஏறுகிறார்கள். ஒரு நாள் பயணம். பெர்த்தில் வீணை கைக்குழந்தை போலப் படுத்து வரும். வித்வான் உட்கார்ந்தே வருவார்.