நெப்போலியனைத் தோற்கடித்தது குளிரா, குதிரைத் தீவனமா?

நெப்போலியன் ரஷ்யாவில் தோற்றதற்குக் குளிர்தான் காரணம் என்பது நாம எல்லாரும் கேட்ட கதை. ஆனா தேதிகளை வரிசையா வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்குது.

1812 ஜூன் 24-ல் படை நீமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. பிரெஞ்சுப் பொறியாளர் மினார் 1869-ல் வரைந்த வரைபடத்தின்படி, கடந்தவர்கள் 4,22,000 பேர். செப்டம்பரில் மாஸ்கோ போய்ச் சேர்ந்தவர்கள் 1,00,000. வழியில் காவலுக்கு நிறுத்திய படைகளைக் கழித்தாலும் இழப்பு பெரிசு. கடுங்குளிர் வந்ததோ நவம்பரில்!

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். நான்கு குதிரை பூட்டிய வண்டியில் 1,500 கிலோ சரக்கு. குதிரைக்கு நாளுக்கு 10 கிலோ தீவனம் என்றால் நாலுக்கும் 40 கிலோ. மாஸ்கோ சுமார் 950 கி.மீ.; நாளுக்கு 25 கி.மீ. போனால் 38 நாள். 40 × 38 = 1,520. இழுக்கிற குதிரைகளே மொத்தச் சரக்கையும் தின்று தீர்த்துவிடும்.

ஆக, தீவனம் வழியிலேயே கிடைத்தாகணும். ஊர்கள் நெருங்கியிருந்த மேற்கு ஐரோப்பாவில் இது சரிப்பட்டது. இங்கே ஊர்களுக்கு இடையே தூரம் அதிகம். பின்வாங்கிய ரஷ்யர்கள் கிடங்குகளையும் கொளுத்தினார்கள். பச்சைப் பயிரைத் தின்ற குதிரைகள் ஆயிரக்கணக்கில் செத்தன. வண்டி நின்றது, ரொட்டியும் நின்றது. பட்டினியோடு டைபஸ் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

திரும்பும்போது மலோயரொஸ்லாவெட்ஸ் சண்டைக்குப் பிறகு தெற்கு வழியைக் கைவிட்டு, வரும்போதே சுரண்டித் தின்ற பாதையில் நடந்தார்கள். பனி அங்கேதான் பிடித்தது. அது முடித்துவைத்தது, தொடங்கிவைத்தது கோடை.

1941-ல் ஹிட்லரின் படையும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளோடுதான் போனது.