ரேடாருக்கு வழிவிடும் வைஃபை

1985 ஆகஸ்ட் 2, மாலை. அமெரிக்காவின் டல்லாஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டெல்டா 191 விமானம் ஓர் இடிமழைக்குள் நுழைந்தது. முதலில் எதிர்க்காற்று வீச, இறக்கைகளின் தூக்குவிசை கூடியது. சில நொடிகளில் மேலிருந்து காற்று அழுத்தியது. அடுத்து பின்னாலிருந்து தள்ளியது. தூக்குவிசை சட்டென்று குறைய, ஓடுபாதையை எட்டும் முன்பே விமானம் தரையில் மோதியது. 137 பேர் இறந்தார்கள்.

மேகத்திலிருந்து கீழே பாய்ந்து, தரையில் மோதி நாலாபுறமும் சிதறும் இந்தக் காற்றுக்கு மைக்ரோபர்ஸ்ட் என்று பெயர். அதை முன்கூட்டியே காண்பதற்காக 1990களில் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களுக்கு அருகே தனி டாப்ளர் ரேடார்கள் நிறுவப்பட்டன. அவை 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை புழங்கும் பரப்புக்குள்தான் இந்தப் பகுதியும் வருகிறது.

ரேடார் வேலை செய்வது எதிரொலியை வைத்து. அது அனுப்பும் வலுவான துடிப்பு மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும்போது மிக மிக நலிந்திருக்கும். அதே அதிர்வெண்ணில் பக்கத்தில் ஒரு வைஃபை கருவி ஒலிபரப்பினால், திருவிழா ஒலிபெருக்கியின் அடியில் நின்றுகொண்டு, கிணற்றில் விழும் கல்லின் சத்தத்தைக் கேட்க முயல்வது போலத்தான். ரேடார் திரையில் அந்தத் திசை முழுவதும் ஒரு பொய்க்கோடு நீளும். அதற்குப் பின்னால் இருக்கும் புயல் மறைந்துபோகும்.

அப்படியென்றால் இரண்டும் எப்படி ஒரே இடத்தில் வாழ்கின்றன? 2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு இந்தப் பரப்பை வைஃபைக்குத் திறந்துவிட்டது. ஆனால், ரேடார் பயன்படுத்தும் பகுதிகளில் ஒரு நிபந்தனை: ரேடாருக்கே முதல் உரிமை, அது இருப்பது தெரிந்தால் வைஃபை தானாக விலக வேண்டும். டிஎஃப்எஸ் என்று ரௌட்டர் அமைப்புகளில் காணப்படும் மூன்றெழுத்துக்குப் பின்னால் இருப்பது இந்த ஒப்பந்தம்தான்.

ரேடார் பகுதிக்குள் வரும் சேனலில் ரௌட்டர் வாய் திறப்பதற்கு முன் 60 வினாடி வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ரேடாரின் அலைக்கற்றை சுழன்றுகொண்டே இருப்பதால், ஓரிடத்தை அது தொட்டுச் செல்வது கணநேரம்தான். அது திரும்பி வரும்வரை காத்திருந்தால்தான் பிடிபடும். ஐரோப்பாவில் வானிலை ரேடார்கள் இயங்கும் பகுதிக்குக் காத்திருப்பு 10 நிமிடம். அந்த ரேடார்கள் வானத்தைப் பல உயரக் கோணங்களில், நிதானமாக அலசுபவை.

தான் கேட்பது ரேடாரைத்தான் என்று ரௌட்டர் எப்படி அறிகிறது? வைஃபை அனுப்பும் ஒவ்வொரு தகவலும் தன்னை அறிமுகப்படுத்தும் ஒரு தொடக்கக் குறியோடு வரும். ரேடார் துடிப்புக்கு அது கிடையாது. ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஓரிரு பங்கே நீடிக்கும் துடிப்புகள், ஒழுங்கான இடைவெளியில் வரிசையாக வந்தால், அது ரேடார் என்று ரௌட்டர் முடிவு செய்கிறது. சில நேரம் வேறு மின்னணு இரைச்சல் அந்த ஒழுங்கைப் போலத் தோன்றி, தேவையில்லாத இடப்பெயர்வும் நேர்வதுண்டு.

ரேடார் தெரிந்ததும் 10 வினாடிக்குள் சேனலைக் காலி செய்ய வேண்டும். அந்த இடைவெளியிலும் மொத்தம் கால் வினாடியளவுக்குத்தான் ஒலிபரப்பலாம். அந்தச் சிறு அவகாசத்தில் ரௌட்டர் தன்னோடு இணைந்த எல்லாக் கருவிகளுக்கும் சேதி சொல்லிவிடுகிறது. வினாடிக்கு ஏறத்தாழ பத்து முறை அது அனுப்பும் வழக்கமான அறிவிப்பில், போகவேண்டிய புதிய சேனலின் எண்ணும் ஓர் இறங்குமுக எண்ணிக்கையும் சேர்ந்துகொள்ளும். எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டதும் ரௌட்டரும் கைபேசிகளும் மடிக்கணினிகளும் ஒன்றாகத் தாவுகின்றன. இந்த அறிவிப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு கருவியும் சேனல் சேனலாகத் தேடி, இணைப்பை மறுபடி தொடக்கத்திலிருந்து ஏற்படுத்த வேண்டியிருக்கும். விட்டுவந்த சேனலுக்கு அடுத்த 30 நிமிடம் திரும்பக் கூடாது.

புதிய இடமும் ரேடார் பகுதியாக இருந்தால் மறுபடி ஒரு நிமிட மௌனம். வீடியோ அழைப்பு அறுந்துவிடும். அதனால் பல ரௌட்டர்கள், ரேடார் சோதனை தேவைப்படாத 36 முதல் 48 வரையிலான சேனல்களுக்கு ஓடுகின்றன. எல்லோரும் அங்கேயே ஒதுங்குவதால் அங்கு நெரிசல். இன்னும் நல்ல வழி, தனியாக ஓர் ஏற்பியை வைத்து அடுத்த சேனலை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பது. சோதனை ஏற்கெனவே முடிந்திருப்பதால் மாற்றம் நடந்ததே பயனருக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் சாட்சி. 2009இல் அங்குள்ள விமான நிலைய ரேடாரில் குறுக்கீடு தெரிந்தது. உயரமான இடங்களில் வைக்கப்பட்ட வெளிப்புற கம்பியில்லா இணையக் கருவிகளே காரணம் என்று கண்டார்கள். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம் பின்னர் எடுத்த நடவடிக்கைகளில், டிஎஃப்எஸ் வசதியை இயக்காமலே சிலர் ஒலிபரப்பியது வெளிவந்தது.

இணையம் ஒரு நிமிடம் நின்றால் நாம் பொறுமை இழக்கிறோம். வேகத்துக்காக டிஎஃப்எஸ்ஸை அணைக்கவும், எந்த நாட்டு விதிகளைப் பின்பற்றுவது என்ற ரௌட்டர் அமைப்பை மாற்றி வைக்கவும் தோன்றும். செய்யக் கூடாது. தாமதத்தைக் குறைக்க நல்ல பொறியியல் இருக்கிறது. இல்லாத இடத்தில் அந்த ஒரு நிமிடத்தை மனமுவந்து கொடுக்கலாம். வானம் எல்லோருக்கும் பொது. அதில் விமானத்தை இறக்குபவருக்கு முதலில் கேட்க வேண்டும்.